மலிவான ஒயினையும் பீரையும் சுவைத்து மதிப்புரை எழுதும் முறை

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ஒயினைப் பற்றியோ, வார இறுதியில் வாங்கும் ஒரு பீரைப் பற்றியோ நாலு வரி எழுதுவதற்குப் பட்டயப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த நாலு வரியைப் படிக்கும் ஒருவர் அதை நம்பித் தன் பணத்தைச் செலவிட வேண்டுமானால், எழுதுபவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தாக வேண்டும். தான் சுவைத்தது பானத்தைத்தானா அல்லது அதன் பெயரையும் விலையையுமா என்று தன்னையே சோதித்துக்கொள்வது ஒன்று. உணர்ந்ததை இரவல் வருணனையால் அலங்கரிக்காமல், தன் மூக்குக்கும் நாக்குக்கும் பழக்கமான பொருள்களைக் கொண்டு சொல்வது மற்றொன்று. எப்போதாவது அளவோடு குடிப்பவரும், சட்டம் அனுமதிக்கும் வயதை (தமிழ்நாட்டில் 21) எட்டியவருமான ஒருவர் இவ்விரண்டையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பழகிக்கொள்ளலாம்.

பெயரையும் விலையையும் ஏன் இவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்று கேட்கலாம். பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் தயாரிப்பியல் படித்துவந்த 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த இன்னொரு கோப்பையையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாயம் ஏற்றிய கோப்பையை அம்மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வருணித்தார்கள். இந்த ஆய்வு 2001இல் வெளியானது. 2008இல் கலிஃபோர்னியாவில் நடந்த வேறோர் ஆய்வில், 5 டாலர் ஒயினையே 45 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, குடித்தவர்கள் அது கூடுதலாகப் பிடித்திருப்பதாகச் சொன்னதோடு, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைக் கேட்டதும் அவர்கள் உணர்ந்த இன்பமே உண்மையில் கூடிவிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த மூன்றாவது ஆய்வொன்று, பெயர் மறைத்துச் செய்யப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சி இல்லாத சாதாரணக் குடியர்களுக்கு விலை கூடிய ஒயின்கள் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தன என்று கண்டது. மலிவானவற்றைப் பற்றி எழுத விரும்புபவருக்கு இது நல்ல செய்தி. எனினும் ‘மலிவுதானே, இவ்வளவுதான் இருக்கும்’ என்ற முன்முடிவும் விலைச்சீட்டு ஊட்டும் அதே மயக்கத்தின் மறுபக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெயரை மறைத்துச் சுவைப்பது

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வீட்டில் உள்ள வேறொருவர் சமையலறையில் பாட்டிலைத் திறந்து, கோப்பைகளில் ஊற்றி, அடியில் எண் எழுதிய காகிதத்தை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தால் போதும். தனியாக இருப்பவர் பாட்டில்களைச் செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றி ரப்பர் வளையம் போட்டுவிட்டு, அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, எது எதுவென்று தானே மறந்த பிறகு ஊற்றிக்கொள்ளலாம். மூடிகளையும் முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும். திருகு மூடியின் நிறமே பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒற்றைப் பாட்டிலைத் தனியாகச் சுவைப்பதைவிட, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பதால் பல மடங்கு கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம். ஒரே விலையில் உள்ள இரண்டு லாகர் (வெளிறிய, இலேசான சாதாரண வகை) பீர்களையோ, ஷெனின் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையின் இரண்டு ஒயின்களையோ எடுத்துக்கொண்டால், ஒன்றில் புளிப்பு தூக்கலாக இருப்பதும் மற்றதில் நுரை சீக்கிரம் அடங்குவதும் ஒப்பீட்டினாலேயே புலப்படும். நினைவில் இருக்கும் சுவையோடு ஒப்பிடுவது நம்பத் தகுந்ததன்று.

‘இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிகிறது’ என்று சொல்பவர் அதை ஒருமுறை நிரூபித்துப் பார்ப்பது நல்லது. மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பானத்தையும் ஒன்றில் வேறொன்றையும் ஊற்றித் தரச்சொல்லி, தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்கும் சோதனை பீர் ஆலைகளில் இன்றும் அன்றாட நடைமுறை. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் உருவான முறை இது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாக வந்துவிடும் என்பதால், ஒரே ஒரு வெற்றிக்கு மதிப்பில்லை. தொடர்ந்து மூன்று முறை சரியாகச் சொன்னால், அது வெறும் தற்செயலாக இருப்பதற்கான வாய்ப்பு 27இல் 1 மட்டுமே. நண்பர்கள் கூடும் இடத்தில் இதைச் செய்து பார்த்தால், ‘நான் இந்தப் பிராண்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன்’ என்று சூளுரைப்பவர்களின் குரல் கொஞ்சம் தணியும்.

வாங்கும்போதே தொடங்கும் வேலை

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருப்பதால், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்தக் கடையின் அலமாரி அளவுக்குத்தான். புதுச்சேரியிலும் பெங்களூரிலும் தனியார் கடைகள் இருப்பதால் வகைகள் கூடும். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே விதிப்பதால் ஒரே பாட்டிலின் விலை எல்லை தாண்டியதும் மாறிவிடுகிறது. ஆகவே ‘விலைக்கு ஏற்ற தரம்’ என்று எழுதுபவர், எந்த ஊரில் என்ன விலைக்கு வாங்கினார் என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் அந்தத் தீர்ப்புக்குப் பொருளே இல்லை.

பீரில் முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. பெரும்பாலான பீர்கள் முதிர முதிரச் சுவை கூடுபவை அல்ல. சாதாரண லாகர் ஆலையிலிருந்து வெளிவந்த அன்றிலிருந்தே மெல்ல இறங்கத் தொடங்குகிறது, வெயில் காலத்தில் குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் கிடந்தால் வேகமாக இறங்குகிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்டதைக் கேட்டு வாங்குவது உத்தமம். அடுத்து, பாட்டிலின் நிறம். பீரின் கசப்புக்குக் காரணமான ஹாப்ஸ் என்ற பூவின் பொருள்கள் ஒளி பட்டதும் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு துர்நாற்றத்தை உண்டாக்குகின்றன. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் நிறமற்றதும் தடுப்பது குறைவு. ஆகவே பச்சைப் பாட்டிலில் வரும் பீரைக் கடையின் முன்வரிசையில் வெயிலும் விளக்கும் படும் இடத்திலிருந்து எடுக்காமல், பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம். கேனில் இந்தத் தொல்லையே இல்லை.

ஒயினில் ஆண்டைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் அறுவடை நடக்கிறது. இங்கோ கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, குளிர்காலத்தில் காய் முதிரவிட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். நாசிக்கின் சூலா, பெங்களூருக்கு அருகே நந்தி மலையடியில் உள்ள குரோவர் சாம்பா, சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜின் ஃப்ராடெல்லி ஆகிய எல்லாமே ஏறக்குறைய இந்த நாட்காட்டியில்தான் இயங்குகின்றன. மலிவு விலை வெள்ளை ஒயினும் ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினும் இளமையிலேயே குடிக்கத் தயாரிக்கப்படுபவை என்பதால், அறுவடையாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனவற்றைத் தவிர்ப்பது நலம். கார்க்குக்குப் பதில் திருகு மூடி இருப்பதைத் தரக்குறைவு என்று எண்ண வேண்டியதில்லை; கார்க்கிலிருந்து வரக்கூடிய ஈர அட்டைப்பெட்டி வாடை திருகு மூடியில் வருவது மிக அரிது.

சூடும் குளிரும், கோப்பையும் சமையலறையும்

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்க வேண்டும் என்ற அறிவுரை குளிர் நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அந்த அறை 16 முதல் 18 டிகிரி. சென்னையில் மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் பெரும்பாலும் 30க்குக் கீழே வராது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறி, பழமணத்தை அமுக்கிவிடும். எனவே சிவப்பு ஒயினை அரை மணிநேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஃப்ரிட்ஜில் வைத்தே திறக்க வேண்டும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி பொருந்தும் என்பதால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குப் பிறகு ஊற்றலாம்.

பீரைப் பற்றி நம் ஊரில் நிலவும் ஒரே அளவுகோல் ‘ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறதா’ என்பது. தாகத்துக்கு அது சரி, மதிப்புரைக்குச் சரியன்று. கடுங்குளிர் மணத்தை எழும்பவிடாது, நாக்கையும் மரத்துப்போகச் செய்யும், ஆகையால் குறைகள் அனைத்தையும் மூடிவைக்கும். முதல் மடக்கைக் குளிர்ந்தவாறே சுவைத்துவிட்டு, கோப்பையைப் பத்து நிமிடம் தள்ளி வைத்து மறுபடி சுவைத்தால், அந்தப் பீர் உண்மையில் எதனால் ஆனது என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டாவது மடக்கில் தாக்குப்பிடிக்கும் மலிவு விலை லாகர்களை நான் மிகவும் மதிக்கிறேன், அவை அதிகமில்லை.

கோப்பையைப் பொறுத்தவரை, வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பை எதுவானாலும் போதும். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. அகன்ற வாயால் மணமும் பறந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் எலுமிச்சை வாசனை கோப்பையில் ஒட்டியிருந்தால் எல்லா ஒயினும் எலுமிச்சை மணக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் எல்லாப் பீரிலும் நுரை அமுங்கும். வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவைப்பதே நல்லது. பக்கத்து அறையில் ஊதுபத்தியோ, அடுப்பில் வெங்காயம் தாளிக்கும் மணமோ, அருகில் இருப்பவர் சூடிய மல்லிகையோ இருந்தால் அன்று மதிப்புரை வேண்டாம், சும்மா குடித்துவிட்டுப் போகலாம்.

ஒயினை முகர்ந்து சுவைப்பது

மூன்றில் ஒரு பங்கு கோப்பை, அதாவது 50 மில்லி அளவு, ஊற்றிக்கொண்டு, வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறத்தைப் பார்க்க வேண்டும். இளம் வெள்ளை ஒயின் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அடர்ந்த பொன்னிறமாகவோ பழுப்பு தட்டியோ இருந்தால் அது காற்றுப்பட்டதாகவோ சூட்டில் கிடந்ததாகவோ இருக்கலாம். சிவப்பு ஒயினின் விளிம்பில் ஊதா தெரிந்தால் இளசு, செங்கல் நிறம் தெரிந்தால் வயதானது. இதற்கு மேல் நிறத்தில் நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டியது மணத்தில். கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை, குட்டிக் குட்டியாக மூச்சிழுத்து முகர வேண்டும். நீளமாக இழுத்தால் மூக்கு உடனே பழகிப்போய் மந்தமாகிவிடும். தோன்றியதை அந்தக் கணமே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் மற்றவர் ஒரு சொல்லைச் சொன்னதும் நம் மூக்கும் அதையே தேடத் தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டு மதிப்புரைகளில் வரும் கூஸ்பெர்ரி, பிளாக்கரன்ட், எல்டர்பூ என்ற பெயர்களை அப்படியே எடுத்தாளும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. அந்தப் பழத்தை வாழ்நாளில் தின்றிராத ஒருவர் அதன் மணத்தைக் கண்டதாக எழுதுவதும், அதைத் தின்றிராத இன்னொருவர் படித்துத் தலையாட்டுவதும் வீண்வேலை.

சொந்தச் சமையலறையில் இருப்பவையே இதற்குத் தாராளமாகப் போதும், அதற்கு வேதியியல் ஆதாரமும் உண்டு. சாவிஞான் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் தெரியும் பச்சை மணத்துக்குக் காரணமான சேர்மங்கள் குடைமிளகாயிலும் இருக்கின்றன. நாசிக் பகுதி சாவிஞானில் அதனோடு கொய்யாவின் மணமும் பல நேரங்களில் சேர்ந்து வரும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு மணக்கிறது என்று எழுதினால் அது உவமை அன்று: மிளகுக்குக் காரமான மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மஸ்கட் இனத் திராட்சைகளின் மலர் மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுக்கு உரியது. கொத்தமல்லி விதையை வறுக்காமல் நசுக்கினால் எழும் மணமும் அதனுடையதே.

மஸ்கட் என்றதும் அந்நியமாகத் தோன்றினால், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை நினைத்துக்கொள்ளலாம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகமே. தேனிப் பக்கம் போகும்போது சாலையோரத்தில் கிலோ கணக்கில் வாங்கித் தின்ற ஒருவருக்கு, மஸ்கட் ஒயினின் மணத்தை அறிய வேறு பாடம் வேண்டியதில்லை. கேபர்னே சாவிஞான் போன்ற கருஞ்சிவப்பு ஒயின்களுக்கு நன்கு பழுத்த நாவற்பழத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழத்தின் கருமையும் கொட்டையை ஒட்டிய துவர்ப்பும் இரண்டுமே அதில் இருக்கின்றன. மரப்பீப்பாயில் வைத்தவற்றில் வனிலா, கிராம்பு, தேங்காய் மணம் எழும். வெறுமனே ‘பழவாசனை’ என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் பழம், காயா செங்காயா கனிந்ததா, பச்சையாகவா சமைத்தா என்று தன்னையே இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டுக்கொண்டால் குறிப்பு தானே கூர்மையாகும்.

பிறகு ஒரு மடக்கை வாய் முழுவதும் உருட்டி, ஐந்தாறு நொடி வைத்திருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியவை நான்கைந்துதான். புளிப்பை, விழுங்கிய பின் எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்பதைக் கொண்டு அளக்கலாம். துவர்ப்பு ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் உலர்ந்த பிடிப்பாகத் தெரியும். பச்சை வாழைப்பூவையோ பாக்கையோ மென்ற எவருக்கும் அது புதிதன்று. அந்தத் துவர்ப்பு பொடியாக இழைந்திருக்கிறதா, சொரசொரப்பாகக் கிழிக்கிறதா என்பதையும் குறிக்கலாம். ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். 14 சதவீத ஒயினில் அந்தச் சூடு தெரியாவிட்டால், அதைப் பாராட்டாகவே எழுதலாம். கனம் என்பது வாயில் தண்ணீர்போல ஓடுகிறதா, பால்போலத் தங்குகிறதா என்பது.

இனிப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கனிந்த பழத்தின் மணம் இருந்தாலே மூளை அதை இனிப்பு என்று கணித்துவிடும், ஒயினில் சர்க்கரையே இல்லாவிட்டாலும் சரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தால் மணம் விலகி, நாக்கு தனியாக உணரும் இனிப்பு மட்டும் மிஞ்சும். இந்திய ஷெனின் பிளாங் ஒயின்கள் பலவற்றில் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் விடுகிறார்கள். சாவிஞான் பிளாங் பெரும்பாலும் இனிப்பற்றது. கோவாவின் மலிவான இனிப்புப் ‘போர்ட்’ ஒயினைக் குடித்துவிட்டு அதில் கேபர்னேயின் கம்பீரம் இல்லை என்று குறை சொல்வது அநியாயம். அந்த ஒயின் எதற்காகத் தயாரிக்கப்பட்டதோ அதைச் செய்கிறதா, இனிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு இருக்கிறதா, இல்லை வெறும் சர்க்கரைப் பாகாக நிற்கிறதா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி.

விழுங்கிய பின், அல்லது துப்பிய பின், சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்கலாம். மலிவு ஒயின்களை விலை கூடியவற்றிலிருந்து பெரும்பாலும் பிரித்துக்காட்டுவது இந்த நீளம் ஒன்றுதான் என்பது என் கருத்து.

பீருக்கு உரிய கவனம்

பீரைக் கோப்பையின் பக்கவாட்டில் வழியவிட்டே ஊற்றுவது பலருடைய பழக்கம். பாதியை அப்படி ஊற்றிவிட்டு, மீதியை நேராக நடுவில் ஊற்றி இரண்டு விரல் நுரை எழுப்ப வேண்டும். மணம் அந்த நுரையோடு மேலேறும். வயிற்றுக்குள் போய் உப்பசம் தரும் வாயுவில் கொஞ்சமும் வெளியேறிவிடும்.

எந்த வகையைக் குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் மதிப்பிட முடியாது. கிங்ஃபிஷர் பிரீமியம் போன்ற 4.8 சதவீத லாகரின் வேலை, தெளிவாகவும் இலேசாகவும் இருந்து தாகம் தணிப்பது. அதில் ஆழம் இல்லை என்பது குறையன்று, அழுக்கான பின்சுவை இருந்தால்தான் குறை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை உள்ளவை ஸ்ட்ராங் பீர். நம் நாட்டில் மிகுதியாக விற்பவையும் அவையே. அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போன்றவை சேர்த்து ஆல்கஹாலை உயர்த்தும்போது மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) கனம் கூடுவதில்லை, ஆகவே பல ஸ்ட்ராங் பீர்கள் உடல் மெலிந்தும் தொண்டையில் காந்தலாகவும் இருக்கும். அந்தக் காந்தல் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை வைத்தே அவற்றைத் தரம் பிரிக்கலாம்.

கோதுமைப் பீர்களில் இரண்டு மரபு உண்டு. ஜெர்மன் வகையில் ஈஸ்ட்டே வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் உண்டாக்குகிறது. ஹூகார்டன் போன்ற பெல்ஜிய வகையில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். இவ்விரண்டும் கலங்கலாக இருப்பது இயல்பு; கலங்கலைக் கண்டு கெட்டுவிட்டது என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டவுட் என்றால் இலங்கையின் லயன் ஸ்டவுட் ஒரு நல்ல பாடநூல். 8.8 சதவீதம் உள்ள அந்தக் கரும்பீரை ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், வேறொருவர்) கொண்டாடியதால் அது உலகெங்கும் பெயர் பெற்றது. வறுத்த மால்ட்டிலிருந்து வரும் காப்பிக்கொட்டை மணமும், கருப்பட்டியை நினைவூட்டும் இனிப்பும் அவ்வகையில் தேட வேண்டியவை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரமாவது விடாமல் அவற்றைத் தேடிப் பயனில்லை.

குறைகளை அடையாளம் காண்பதும் எளிதே. வேகவைத்த சோள வாடை, பாப்கார்ன் மேல் ஊற்றிய வெண்ணெய் வாடை, பச்சை ஆப்பிள் வாடை ஆகியவை நொதித்தலிலோ காய்ச்சுவதிலோ ஏற்பட்ட குறைகள். பழைய அட்டையின் வாடை பீரின் வயதைச் சொல்லும். ஒயினில் நகப்பூச்சு நீக்கியின் நெடியும் காடியின் புளிப்பும் பாக்டீரியாவின் வேலை. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் மணம் காற்றினால் வந்தது. வேகவைத்த உலர்திராட்சை மணம் சூட்டில் கிடந்ததற்கு அடையாளம். நம் தட்பவெப்பத்தில் கடைசியாகச் சொன்னதே மிகுதி, அதற்குத் தயாரிப்பாளரைவிடக் கிடங்குதான் பொறுப்பு. ஆகவே ஒரு பாட்டிலில் இத்தகைய குறை தெரிந்தால், வேறொரு கடையில் வேறொரு தொகுதி எண்ணைப் பார்த்து இன்னொன்று வாங்கிச் சுவைக்கும்வரை அதைப் பற்றி எதிர்மறையாக எழுதாமல் இருப்பதே நேர்மை.

அளவும் உணவும்

ஒரு அமர்வில் நான்கு பானங்களுக்கு மேல் சுவைத்தால் மூக்கும் நாக்கும் ஒத்துழைக்காது. ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும், துப்புவதற்கு ஒரு பாத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழில்முறை ஒயின் சுவைஞர்கள் பெரும்பாலும் துப்பவே செய்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 8 சதவீதமுள்ள 650 மில்லி பீர் ஒன்றில் ஏறத்தாழ 41 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 150 மில்லி ஒயின் கோப்பை மூன்றுக்குச் சற்றுக் குறைவான அளவு அது. ‘பீர்தானே’ என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், எனவே அன்று வண்டி ஓட்டக் கூடாது.

முதல் சுற்றை உணவில்லாமல், வெறும் ரொட்டியும் தண்ணீரும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இரண்டாம் சுற்றை உணவோடு செய்ய வேண்டும், ஏனென்றால் படிப்பவர் அப்படித்தான் குடிக்கப்போகிறார். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பின் பிடிப்பையும் பெருக்கிவிடும், ஆகையால் மட்டன் சுக்காவோடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் சண்டை போடும். சற்றே இனிப்புள்ள ஷெனினோ இலேசான லாகரோ காரத்தைத் தணிக்கும். உப்பு கசப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால் உப்புக்கடலையோடு எந்தப் பீரும் ஒரு படி மேலேறியே தெரியும். மதிப்பெண் போடும்போது கடலைக்கு உரியதைக் கழித்துக்கொள்ள வேண்டும். வஞ்சிரம் வறுவலுக்கு எலுமிச்சை பிழியும் இடத்தில் சாவிஞான் பிளாங்கைப் பிழியாமலே வைத்துப் பாருங்கள், அதன் புளிப்பு அந்த வேலையைச் செய்துவிடும்.

எழுதுவது

மதிப்புரையில் வருணனையும் தீர்ப்பும் தனித்தனியாக நிற்க வேண்டும். ‘புளிப்பு தூக்கல்’ என்பது வருணனை. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது தீர்ப்பு. இரண்டையும் பிரித்து எழுதினால், புளிப்பை விரும்பும் வாசகர் உங்கள் எதிர்மறைத் தீர்ப்பைப் படித்துவிட்டே அந்தப் பாட்டிலை வாங்க முடியும். ‘அருமை’, ‘மென்மை’, ‘சமநிலை’ போன்ற சொற்கள் எதைப் பற்றியும் எழுதத்தக்கவை என்பதால் எதைப் பற்றியும் எதுவும் சொல்லாதவை. ‘நல்ல மணம், மென்மையான சுவை, விலைக்கு ஏற்றது’ என்ற குறிப்பை எந்தப் பாட்டிலின் கீழும் ஒட்டலாம். அதற்குப் பதிலாக, மாதிரிக்கு, இப்படி எழுதலாம்: ‘ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, பெயர் தெரியாமல் சுவைத்தது. முதலில் குடைமிளகாய், பிறகு செங்காய்க் கொய்யா. இனிப்பு இல்லை, எலுமிச்சை அளவு புளிப்பு. வாயில் இலேசானது, சுவை சீக்கிரம் மறைகிறது. சூடேறியதும் கொஞ்சம் கசப்பு தெரிகிறது, ஆகவே சில்லென்று இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மீன் வறுவலோடு நன்றாகப் போனது. தனியாகக் குடிக்க இரண்டாவது கோப்பை தேவைப்படவில்லை.’

மதிப்பெண் போடலாமா என்றால், போடலாம், ஆனால் நூற்றுக்கு 87, 88 என்று துல்லியம் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மும்மூன்று முறை கொடுத்துப் பார்த்த ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன், மூன்று முறையும் ஒரே பதக்கப் பிரிவுக்குள் மதிப்பெண் கொடுத்தவர்கள் பத்து சதவீதம் அளவுக்கே இருந்தார்கள் என்று 2008இல் வெளியிட்டார். பழுத்த நடுவர்களுக்கே அந்தக் கதி என்றால், வார இறுதிச் சுவைஞருக்கு மூன்று படிகளே அதிகம்: மறுபடி வாங்குவேன், யாராவது கொடுத்தால் குடிப்பேன், வேண்டாம். மலிவுப் பாட்டிலைப் பொறுத்தவரை இதில் முதல் படிக்கு இன்னொரு துணைக்கேள்வியும் உண்டு. அதே விலையில் அதே அலமாரியில் இருந்த வேறெதை விட்டுவிட்டு இதை வாங்குவேன் என்பதே அது. அதற்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதினால் வாசகருக்கு அந்த ஒரு வரியே பெரிதும் பயன்படும்.

குறிப்பின் தலையில் பெயர், அறுவடை ஆண்டு அல்லது தயாரிப்புத் தேதி, ஆல்கஹால் அளவு, பாட்டிலா கேனா, வாங்கிய ஊர், விலை, சுவைத்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். மிச்சமுள்ள ஒயினை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மீண்டும் சுவைத்து, எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம். முதல் நாள் முரடாக இருந்த மலிவுச் சிவப்பு ஒயின்களில் சில இரண்டாம் நாள் இளகியிருக்கும், சில தட்டையாகிப் போயிருக்கும். பீருக்கு மறுநாள் கிடையாது. அடுத்த அறுவடை சந்தைக்கு வந்ததும் பழைய குறிப்பை அழிக்காமல், புதிய ஆண்டைத் தனிக் குறிப்பாகவே எழுத வேண்டும். பெயர்ச்சீட்டு அதேதான் என்றாலும் உள்ளே இருப்பது வேறொரு மழைக்குப் பின் விளைந்த வேறொரு திராட்சை.